படையலில் வைத்த சிவப்பு ஒயின்

என் மனைவி இறந்து ஓராண்டு நிறைந்த நாளில், ஒரு கோப்பை ஒயினை முன்னிட்டு அவளுடைய தம்பிக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோயிற்று. மீண்டும் தொடங்கும் விருப்பம் எனக்கு இல்லை.

இறந்தவருக்குப் பிடித்ததைப் படையலில் வைப்பது எங்கள் வழக்கம். என் மாமனாரின் முதல் திதிக்கு இதே மைத்துனர்தான் பிராந்திப் பாட்டிலைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, வாழை இலையருகே பெருமையுடன் வைத்தார். உறவினர்கள் கண் கலங்கினார்கள். ஆகவே நான் வைக்க எண்ணியதற்குத் தடை எழும் என்று எதிர்பார்க்கவில்லை.

அது பினோ நுவார் என்னும் திராட்சையிலிருந்து எடுத்த சிவப்பு ஒயின். எங்கள் மகள் ஆஸ்திரேலியாவின் குளிர்த் தீவான தாஸ்மானியாவில் வேலை பார்க்கிறாள். நாங்கள் போயிருந்தபோது மலைச்சரிவிலிருந்த ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றாள். இலையுதிர் காலம், நண்பகலிலும் கடற்காற்று சால்வைக்குள் புகுந்தது. வேளாண் கல்லூரியில் பயிர் வினையியல் கற்பித்தவன் ஆதலால் நான் விளக்கத் தொடங்கினேன். இரவுக் குளிரில் பழத்தின் சுவாசம் தணிகிறது. புளிப்பு எரிந்து தீராமல் தங்கிவிடுகிறது. சர்க்கரை நிதானமாக ஏறுகிறது. தோல் மெல்லியதாகையால் நிறம் குறைவு.

"இங்கயும் பாடமா? கொஞ்சம் சும்மா இருங்க, நானே குடிச்சுப் பாத்துக்கறேன்," என்றாள் மனைவி.

அதுவரை மதுவைத் தொட்டறியாதவள் கோப்பையை வெயிலுக்கு எதிரே உயர்த்தினாள். சிவப்பின் வழியே அவள் விரல்கள் தெரிந்தன. செர்ரிப் பழமும் நனைந்த மண்ணும் கலந்த மணம். "ஏனுங்க, இதுல ஒளிச்சு வெக்க ஒண்ணுமே இல்ல பாருங்க," என்று சிரித்தாள். அதன் பின் மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். ஞாயிறு மாலையில் அரைக் கோப்பை, அவ்வளவுதான். கடைசிப் பாட்டில் திறக்கப்படாமலே இருந்தது.

திதியன்று சூலூரில் எங்கள் வீட்டுக்கு வந்த மைத்துனர் அந்தப் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தொண்டாமுத்தூர்ப் பக்கம் பன்னீர்த் திராட்சை பயிரிடுபவர்.

"என்னுங்க மச்சான், கலரே இல்ல? நம்ம தோட்டத்துப் பழம் தொட்டாக் கையில ஒட்டும். இது பாத்திரம் கழுவுன தண்ணியாட்ட இருக்குது."

"உங்க தோட்டத்துல ராத்திரியும் வெக்கை, மாப்பிள. சீக்கிரம் பழுத்துரும். இனிப்பு வரும். வேற ஒண்ணும் வராது."

அவர் முகம் இறுகியது. "சம்பந்திக வந்துட்டிருக்காங்க. பொம்பளைக்குச் சாராயம் வெச்சுக் கும்புடறாங்கன்னு ஊரே சிரிக்குமுங்க."

"உங்கப்பாவுக்கு வெச்சப்ப ஊர் அழுதுச்சே?"

"அவரு ஆம்பளைங்க!"

பிறகு சமையலறைக்குப் போய் ஓர் எவர்சில்வர் டம்ளரும் தட்டமும் எடுத்துவந்தார். "சரி, இதுல ஊத்தி மூடி வெச்சுப்போடுங்க. அக்காளுக்குத் தெரிஞ்சாப் போதாதுங்களா?"

டம்ளரை வாங்கி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி அவள் படத்தின் முன் வைத்தேன். குத்துவிளக்கின் ஒளி அதனூடே புகுந்து இலையில் சிவப்பாக விழுந்தது.

"பொறந்த ஊட்டுக்கு இங்க மரியாதை இல்லீங்க. நான் வாரனுங்க," என்றார்.

பிறந்த வீட்டார் படையல் சோற்றை உண்ணாமல் எழுந்து போவது எங்களிடையே உறவை அறுப்பதற்குச் சமம். நான் அழைப்பேன் என்று வாசலில் சிறிது நேரம் செருப்பைத் தேடினார். செருப்பு அவர் காலடியிலேயே கிடந்தது. நான் கற்பூரம் ஏற்றினேன்.

படைத்ததை வீட்டார் பகிர்ந்து உண்ண வேண்டும். வந்தவர்கள் வடை, பாயசம் எல்லாவற்றையும் உண்டார்கள். கோப்பையை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதற்குள் சித்திரை வெயிலில் மணம் போய்ப் புளிப்பு மட்டும் எஞ்சியிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே நான் அதை முழுவதும் குடித்தேன்.

எனக்கு அந்த ஒயின் ஒருபோதும் பிடித்ததில்லை.