ஊதச் சொன்ன முதலாளி

கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் எங்கள் முதலாளி வெங்கடபதி குடிவாடையே ஆகாதவர். தினமும் காலையில் வாசலில் நின்றுகொண்டு, எங்களை ஒவ்வொருவராக ஊதச் சொல்லி மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். பதினெட்டு வருஷமாக அந்த மூக்கில் ஊதியவன் நான். மானங்கெட்ட பிழைப்பு!

போன வருஷம், அவர் மகள் லாஸ்யா விரும்பிய சென்னகேசவனையும் அப்படித்தான் ஊதச் சொன்னார். லேசாக வாடை. இருமல் மருந்துதான் என்று பையன் கெஞ்சினான். எல்லாரும் சொல்வதுதான் என்று துரத்திவிட்டார். அந்தப் பெண் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

போன மாதம் தாராபுரத்திலிருந்து வேறொரு வரன் வந்தது. மாப்பிள்ளை ஊதினான், சுத்தம். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. சத்தியமங்கலத்தில் என் மாமனார் தோட்டத்தில், மழைக்கு மக்கிய கட்டையோரம் முளைத்த காளானை நான்தான் விருந்துக்குக் கொண்டுபோயிருந்தேன். குழம்பை எல்லாரும் வழித்துச் சாப்பிட்டார்கள். முதலாளி மட்டும் வழக்கம்போல உள்ளே போய், செரிமானத்துக்கு அரை டம்ளர் அரிஷ்டம் குடித்துவிட்டு வந்தார்.

பத்தே நிமிஷம். முகம் அரைத்த மிளகாயாகச் சிவந்தது. கழுத்தும் சிவந்தது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றார். முதலாளியைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மரியாதைக்குத் தாராபுரத்துக்காரர்களும் வேனில் பின்னாலேயே வந்தார்கள்.

டாக்டரம்மா பிரத்யுஷா என் போனில் இருந்த காளான் படத்தைப் பார்த்தார். இந்தக் காளான் குடிக்காதவரை ஒன்றும் செய்யாதாம். குடித்தவருக்கு மட்டும், ஈரல் செல்கள் சாராயத்தைப் பாதி உடைத்ததோடு வேலையை நிறுத்திவிடுமாம். அந்த அரைகுறைச் சரக்கு ரத்தத்தில் கலந்து ரத்தக்குழாய்களை விரிப்பதால்தான் சிவப்பும் படபடப்பும். சில மணி நேரத்தில் தணிந்துவிடும் என்று சொல்லிவிட்டு, எல்லார் முன்னாலும் கேட்டார்: "எவ்வளவு குடிச்சீங்க?"

மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க, ஒருக்கா ஊதுங்க."

முதலாளி ஊதினார். பதினெட்டு வருஷம் காத்திருந்ததற்கு எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, பாவமாக இருந்தது. மருந்துதான், அரிஷ்டம்தான் என்று கெஞ்சினார்.

"எல்லாருஞ் சொல்றதுதானுங்க" என்றார் அந்த அம்மா. வேன் போய்விட்டது.

லாஸ்யா வீட்டிலிருந்து அரிஷ்டப் பாட்டிலைக் கொண்டுவந்து, அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினாள். நொதிக்கும்போது தானாக உண்டான சாராயம் இருக்கிறதாம். இருபது வருஷமாகத் தினம் இரண்டு வேளை குடிக்கிற மனுஷன் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பிறகு மகள் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அந்தப் பையனுக்கு இருமல் நின்னுபோச்சா, கண்ணு?"

"இன்னும் நிக்கலீங்கப்பா" என்றபடி லாஸ்யா போனை எடுத்தாள்.