ஏரிக்கல்லுக்குள் மூன்று தட்டு

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“எட்டு மாசமா இதையேதான் சொல்றீங்க. கேட்டுத் தொலைங்களேன்.”

“நேர்ல வந்து கேக்கிறேன். நீ சிரிக்கக் கூடாது.”

அன்று காலை போனில் என் கணவர் பேசியது இவ்வளவுதான். தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கேட்கப் போகிறார் என்று நினைத்து நான் அப்போதே சிரித்துவிட்டேன். அதன் பிறகு நடந்ததை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு நடந்தது.

வற்றிப்போன பழைய ஏரி ஒன்றின் குழியில் அவருக்கு வேலை. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் படிந்த சேறு அங்கே கல்லாக இறுகி, புத்தகத் தாள்போல அடுக்கடுக்காக இருக்கும். அவர் வெட்டி அனுப்புவார். இருநூறு கிலோமீட்டர் தள்ளி, அருங்காட்சியகத்தின் அடித்தள அறையில் நான் பிளப்பேன். உள்ளே இலை இருக்கும், மீன் இருக்கும்.

எங்கள் காதலே ஒரு கல்லின் இரு பக்கமும் உட்கார்ந்து வந்ததுதான். பெரிய கல்லைப் பிளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உளியால் மூன்று தட்டு தட்டுவார். எதிரில் இருப்பவர் தயார் என்றால் இரண்டு தட்டு. பிறகு ஒன்றாக அடிப்போம்.

மாலை 4.05. மின்சாரம் போனது. இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இழுத்தேன். அசையவில்லை. போன் மேலே கைப்பையில். கையில் டார்ச் மட்டும்.

கத்தினேன். யாரும் வரவில்லை.

4.20. டக்... டக்... டக்...

கதவை நோக்கி ஓடினேன். சத்தம் கதவில் இல்லை.

மேஜையில். அவர் குழியிலிருந்து முந்தின நாள் வந்த கல்லில். இன்னும் பிளக்காத கல்.

டக்... டக்... டக்...

உள்ளேயிருந்து.

பழகிய கை. நான் யோசிப்பதற்குள் உளியை எடுத்து இரண்டு தட்டு தட்டிவிட்டது.

கல் தானாகப் பிளந்தது.

ஒரு இலை. பச்சை... இத்தனை காலம் கழித்தும் பச்சை. சில இலைகள் அப்படித்தான் வரும், காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். பக்கத்தில் விரல் நீள மீன்.

நடுவில், ஈரமாக, ஒரு கைத்தடம்.

டார்ச் அணைந்தது.

கிரீச்...

கதவு திறந்திருந்தது.

கைப்பிடி நனைந்திருந்தது.

மேலே ஓடினேன். போனில், குழியில் அவரோடு வேலை செய்யும் கொழுந்தனாரின் பதினோரு அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன். 4.05க்குக் குழி சரிந்திருக்கிறது. என் கணவர் உள்ளே. ஒரு மணி நேரம் தோண்டி உயிரோடு எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

“நீங்க தட்டினது எனக்குக் கேட்டுதுங்க. நானும் ரெண்டு தட்டினேன்.”

அவர் முகம் மாறியது.

“நான் தட்டல. என் ரெண்டு கையும் மண்ணுக்குள்ள சிக்கிக் கிடந்துது.”

“அப்ப யாரு?”

“தெரியல. எட்டு மாசமா அந்தக் குழியில கல்லுக்குள்ளேயிருந்து தட்டுது. நான் ஒரு தடவைகூட பதில் தட்டினதில்ல.”

கட்டுப் போட்ட கையால் என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

“இதைத்தான் உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். உள்ளேயிருந்து மூணு தட்டு கேட்டா... நீ பதில் தட்டிடாதம்மா.”