மூக்குப் பக்கம் நின்றவர்

என் வீட்டுக்காரர் பின்னால் பார்த்தே வண்டி ஓட்டிச் சம்பளம் வாங்குகிறவர். கண்டெய்னர் யார்டில் நாற்பதடி டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவே பக்கத்துக்கு ஒரு முழ இடைவெளி விட்டுக் கொண்டுபோய் நிறுத்துவது வேலை. டிரெய்லரின் வால் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இது மண்டையில் ஏறவே ஆறு மாதம் ஆகும். இவருக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். நான் ஒரு பக்கம் சொன்னால் வீட்டில் இவர் மறுபக்கம் போவதும் இதனால்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நாற்பத்தைந்து வயதில் இவருக்கு விமானப் பைத்தியம் பிடித்தது. ரிமோட்டில் பறக்கிற விமானம்தான், ஆனால் பொம்மை என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் இரண்டு நாள் பேச மாட்டார். நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். வீடு நிம்மதியாக இருந்தது.

பதினான்கு மாதமாக எங்கள் படுக்கையறையில் ஒரு விமானம் வளர்ந்தது. இறக்கை மட்டும் இரண்டு மீட்டர். கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டார். பால்சா என்று ஒரு மரம், கையில் எடுத்தால் எடையே தெரியாது. அதைச் சீவிச் சீவி விலா எலும்புகள் மாதிரி அடுக்கி ஒட்டினார். தலையணை, சீப்பு, என் தலைமுடி எல்லாவற்றிலும் மரத்தூள். கடைசியில் அதன்மேல் நீல நிறத்தில் ஒரு மெல்லிய தாளைப் போர்த்தி, என் இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி இழுத்து ஒட்டினார். மறுநாள் நான் அதே பெட்டியால் என் வெள்ளைக் கோட்டைத் தேய்த்தேன். நான் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். அன்று முழுக்க முதுகில் உள்ளங்கை அகல நீலத் திட்டோடு திரிந்திருக்கிறேன். சாயங்காலம்வரை ஒரு பாவியும் சொல்லவில்லை.

விமானம் தயார். இஷ்டத்துக்குப் பறக்க விடத்தான் முடியவில்லை. ஊருக்கு வெளியே இவர்கள் சங்கத்துக்கு ஒரு மைதானம் இருக்கிறது, அங்கே சட்டதிட்டமும் இருக்கிறது. அந்த எடையுள்ள விமானத்தைத் தனியாகப் பறக்கவிடச் சான்றிதழ் வேண்டும். அதற்கு ஒரு டெஸ்ட், வருடத்துக்கு மூன்றே வாய்ப்பு. இவர் இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தார். முதல் முறை ஓடுபாதையைத் தாண்டிப் புல்லில் இறக்கினார். அடுத்த முறை வானத்தில் எட்டுப் போடச் சொன்னார்கள், இவர் போட்டது மூன்று மாதிரி இருந்ததாம். யார்டு வேலையை வைத்துச் சங்கத்தில் இவருக்கு 'டிரெய்லர்' என்று பெயர். "டிரெய்லர் ரெண்டு தடவை ஓடிடுச்சு, படம் எப்போ சார் ரிலீஸ்?" என்று கேட்டார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மூன்றாவது முறையும் போனால் அந்த நீல விமானம் இன்னும் ஒரு வருடம் என் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டியதுதான்.

"இந்தத் தடவை நானும் வரேன்" என்றேன்.

"நீ வந்தா எனக்குக் கை நடுங்கும்."

"நான் வராமலே ரெண்டு தடவை நடுங்கிடுச்சே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. டெஸ்ட் வைக்கிறவர் ஒரு பல் டாக்டர். குள்ளமான பெண்மணி, கண்ணாடி, தொப்பி, யாரிடமும் இளிப்பதில்லை. படிவத்தில் எழுதப் பேனா தேடி ஷெட்டுக்குள் போனார். இவர் நீல விமானத்தைத் தரையில் வைத்துப் பேட்டரியை மாட்டினார். பறப்பதற்கு முன் இறக்கைகளைச் சரிபார்க்க வேண்டும். இறக்கையின் பின்விளிம்பில் அசைகிற மடல்கள் இருக்கும். ரிமோட் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது மடல் மேலே எழ வேண்டும். வால் பக்கம் நின்று இதைப் பார்க்க வேண்டும் என்பது பாலபாடம்.

அந்த நேரம் பார்த்து என் வாய் சும்மா இருந்ததா? "ஏங்க, முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறீங்களே. இந்தப் பக்கம் வாங்க, ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன்."

விமானத்தின் மூக்குக்கு எதிரே வந்து நின்றார். சிரித்தபடியே குச்சியை வலப்பக்கம் தள்ளினார். அவருடைய வலக்கைப் பக்கத்து மடல் எழுந்தது. சரி என்று தலையாட்டினார். எதிரே நிற்கிறவருக்கு வலது என்பது விமானத்துக்கு இடது. அது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்குச் சுத்தமாகத் தெரியாது. ஒரே ரிமோட்டில் பல விமானங்களைப் பதிந்து வைத்திருக்கிறார்; முந்தைய வாரம் பறக்கவிட்ட குட்டி விமானத்தின் பதிவை மாற்ற மறந்துவிட்டார். அந்தப் பதிவில் இந்த விமானத்துக்கு இடமும் வலமும் தலைகீழ்.

டாக்டர் வந்தார். "ரெடியா?" என்றார். "ரெடி டாக்டர்" என்றார் இவர்.

விமானம் ஓடியது, எழும்பியது. எழும்பியதுமே இடப்பக்கம் சாய்ந்தது. இவர் நிமிர்த்தக் குச்சியை வலப்பக்கம் தள்ளினார். இன்னும் சாய்ந்தது. "எல்லாரும் ஷெட்டுக்குள்ள போங்க!" என்று டாக்டர் கத்தினார். பதினான்கு மாதம் அங்கே கவிழ்ந்துகொண்டிருந்தது, நான் அசையாமல் நின்றேன்.

"ரிவர்ஸ்ல போகுது" என்றார் இவர், தனக்குத்தானே சொல்வதுபோல்.

அதன் பிறகு இவர் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். யார்டில் ஒருமுறை இவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது ஸ்டீயரிங் முன்னால் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார், சாவகாசமாக. சாய்ந்த பக்கமே குச்சியைத் தள்ளினார், விமானம் நிமிர்ந்தது. வலப்பக்கம் போக இடப்பக்கம், இடப்பக்கம் போக வலப்பக்கம். மைதானத்தைப் பெரிதாக ஒரு சுற்று சுற்றி, பாதையின் நடுக்கோட்டில் இறக்கினார். சக்கரம் இரண்டு தடவை குதித்து நின்றது. ஷெட்டிலிருந்து ஒரே கைதட்டல், விசில்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

"காத்து டாக்டர், திடீர்னு அடிச்சுது" என்று ஷெட்டிலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று சொன்னால் போதும். நான் இவர் முழங்கையைக் கிள்ளினேன்.

"காத்து இல்ல. ரிமோட்ல வேற விமானம் இருந்திருக்கு. செக் பண்றப்போ மூக்குப் பக்கம் நின்னுட்டேன். தப்பு என்னுது."

"முன்னாடி ஏன் நின்னீங்க? ப்ரொப்பெல்லர் முன்னாடி யாராவது நிப்பாங்களா?"

இவர் ரிமோட்டையே தடவிக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் நிற்கிறாராம், பெரிய தியாகி. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"நான்தான் டாக்டர் திருப்பி நிக்க வெச்சேன். ஃபோட்டோவுக்கு" என்று ஃபோனை நீட்டினேன்.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாம் தெளிவாக இருந்தது: குச்சி ஒரு பக்கம், மடல் தப்பான பக்கம், நடுவில் வாயெல்லாம் பல்லாக இவர். "பல்லு நல்லா இருக்கு" என்றார். "மத்ததெல்லாம் தப்பு."

"அப்போ ஃபெயில்தானே டாக்டர்?" என்றார் இவர். தலை குனியவில்லை.

டாக்டர் படிவத்தைத் திருப்பி எங்களிடம் காட்டினார். "முதல் வரி என்ன? செக் பண்றதை நான் பக்கத்துல நின்னு பார்க்கணும். நான் பார்த்தேனா? பேனா தேடிட்டு இருந்தேன். பார்க்காமலே ரெடியான்னு கேட்டது என் தப்பு. அதனால டெஸ்ட் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. வேற பேட்டரி இருக்கா?"

இருந்தது. பதிவை மாற்றினார். வால் பக்கம் போய் நின்றார். என்னையும் பக்கத்தில் கூப்பிட்டு, "எது மேல வருது, சொல்லு" என்றார். "வலது" என்றேன். டாக்டரும் குனிந்து பார்த்துவிட்டு டிக் அடித்தார்.

விமானம் எழும்பியது. சதுரமாக ஒரு சுற்று, இரண்டு எட்டு, நிதானமாக ஒரு இறக்கம். சக்கரம் குதிக்கவில்லை. பாதி ஆட்கள் அதற்குள் ஷெட்டில் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். ஒருவரும் கை தட்டவில்லை, விசில் அடிக்கவில்லை.

"ரொம்ப போர், குறை சொல்ல ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

இருபத்திரண்டு வருட வேலையில் இவரை யாரும் இவ்வளவு பெரிதாகப் புகழ்ந்ததில்லை. தாளை வாங்கியதும் அங்கேயே, எல்லார் முன்னாலும், அழுதுவிட்டார்.