இடம் போதாமல் எடுத்த சொல்

கிளாரி டன்ஸ்டனைப் பற்றிச் சொல்ல எங்கள் பர்ராங்காவில் என்னை விட்டால் ஆள் கிடையாது. குயீன்ஸ்லாந்தின் கரும்பு ஊர் இது. வாரம் இரண்டு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் பத்திரிகை வரும். அவன் தலைப்பு எழுதுவான், நான் அச்சுக் கோர்ப்பேன். கால் கோணல் என்று பட்டாளத்தில் அவனை எடுக்கவில்லை. யுத்தத்தை அவன் நடத்தியதெல்லாம் எங்கள் முதல் பக்கத்தில்தான்.

சிரிக்க வைக்க வேண்டுமென்று அவன் ஒரு வரிகூட எழுதியதில்லை, பாவம். சிரிக்கவே தெரியாத மனுஷன். ஊர் சிரித்ததற்குக் காரணம் எங்கள் பத்திரிகைப் பத்தியின் குறுகின அகலம்தான். தலைப்பு நீண்டால் ஒரு சொல்லைப் பிடுங்கு, அவ்வளவுதான் எங்கள் இலக்கணம். வெண்ணெய் ரேஷனுக்கு எதிராக மாதர் சங்கம் உருக்கமாக மனுக் கொடுத்தது. பத்திரிகையில் வந்தது: ‘வெண்ணெய்க்குக் கட்டுப்பாடு, பெண்கள் உருகினர்.’ இன்னொரு வாரம்: ‘விளக்கணைப்பு ஒத்திகை வெற்றி; தலைவர் சாக்கடையில்.’ இரண்டும் உண்மைதான். குண்டுவீச்சுக்குப் பயந்து ஊர் விளக்கையெல்லாம் அணைத்துப் பார்த்த அன்று இருட்டில் தடுக்கி விழுந்த ஊராட்சித் தலைவர், சாகிற வரைக்கும் ஊருக்குச் சாக்கடைத் தலைவர்தான். இன்றைக்கும் எவனாவது தடுக்கி விழுந்தால், “ஒத்திகை வெற்றி!” என்று கத்துகிறார்கள்.

நாற்பத்திரண்டு நவம்பரில் ஒரு கப்பல் மூழ்கியது. எங்கள் ஊர்ப் பையன்கள் ஏழு பேர் அதில் இருந்தார்கள். ஆறு பேரைக் காப்பாற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. ஏழாவது யார் என்று தெரியவில்லை. கிளாரி எழுதினான்: ‘நம் பையன்கள் ஏறக்குறைய எல்லோரும் பத்திரம்.’

“இடம் பத்தலை கிளாரி,” என்றேன்.

“ஒரு சொல்லை எடு.”

“எதை எடுக்கறது?”

“அந்த ‘ஏறக்குறைய’வை எடு. உள்ளே விவரமாத்தானே போட்டிருக்கோம்? படிக்கிறவங்க படிச்சுக்குவாங்க.”

எடுத்தேன். அச்சு ஓடியது.

அந்த ஏழாவது பையன் ஆல்பி பார்ட்லெட். டல்சி பார்ட்லெட்டின் ஒரே மகன், கிளாரியின் ஒரே சிநேகிதன். கிளாரிக்கு அப்பன் ஆத்தாள் கிடையாது. ஞாயிறு மத்தியானம் தவறாமல் மில் தெருவில் டல்சி வீட்டில்தான் சாப்பாடு. ஆல்பி கப்பலேறின பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தான். வாரம் முழுக்க வாய் திறக்காதவன் அந்த மேஜையில் மட்டும் பேசுவான் என்று டல்சியே சொல்வாள்.

அன்றோடு சரி. மில் தெருப் பக்கம் அவன் தலைகாட்டவில்லை. வேலைக்கு ரயில் தண்டவாளத்தைச் சுற்றிக்கொண்டு வருவான். கடையில் டல்சியைக் கண்டால் எடுத்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை மாடியறையில் மத்தி மீன் டப்பாவும் அவனும்தான்.

“ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாயேன்யா,” என்பேன்.

“மகன் பத்திரம்னு போட்டவன் நான், மேவிஸ். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?”

நானாவது போய்ப் பேசியிருக்கலாம். அந்தச் சொல்லைப் பிடுங்கியது இந்தக் கைதானே, எனக்கும் பயம். இப்படியே இருபத்திமூன்று வருஷம் ஓடிப்போச்சு.

போன மாதம் படைவீரர் மன்றத்தில் பழைய தலைப்புகளை வாசித்துச் சிரிக்க ஒரு கூட்டம் போட்டார்கள். கிளாரியைக் கெஞ்சிக் கூட்டிவந்து கடைசி வரிசையில் உட்காரவைத்தேன். பெண்கள் உருகியதற்கு ஜனம் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. அந்தக் கப்பல் தலைப்பை மட்டும் யாரும் வாசிக்கவில்லை. அப்போதுதான் டல்சி உள்ளே வந்தாள். எழுந்து ஓடப் பார்த்தவனின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். “இன்னிக்கும் நீ ஓடினியானா உன்கூடப் பேசவே மாட்டேன்.”

தேநீர் கொடுக்கும்போது அவனாகவே அவள் முன்னால் போய் நின்றான்.

“மிஸஸ் பார்ட்லெட், ஆல்பி விஷயத்துல நான் போட்ட தலைப்பு…”

“எந்தத் தலைப்பு?”

“எல்லாரும் பத்திரம்னு…”

“அப்படியா போட்டிருந்தே? எனக்குத் தந்தி மத்தியானம் ஒரு மணிக்கே வந்துடுச்சு, கிளாரி. அதுக்கப்புறம் எவ பேப்பர் படிச்சா? யாரும் என் காதுல போடவும் இல்லை.” அவனையே பார்த்தாள். “இதுக்கா வராம இருந்தே? ஆல்பியே இல்லை, இனிமே இந்தக் கிழவி வீட்டுல என்ன இருக்குன்னு நின்னுட்டியோன்னு நினைச்சேன். ஒரு வருஷம் உனக்கும் சேர்த்துத்தான்டா சமைச்சேன், முட்டாள்.”

பக்கத்தில் நின்ற எனக்கு அழுகை வரவில்லை. ரெண்டு பேரையும், என்னையும் சேர்த்து, நாலு அறை விட வேண்டும் போலிருந்தது.

“இந்த ஞாயித்துக்கிழமை வரட்டுமா?” என்றான், சின்னப் பிள்ளை மாதிரி.

“வீட்டை வித்தாச்சுப்பா. வெள்ளிக்கிழமை ரயில்ல, நாட்டோட அந்தக் கோடியில இருக்கற பெர்த் ஊருக்கு, தங்கச்சி வீட்டோட போறேன். எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் அவள் பெட்டியைத் தூக்கி வைத்தான். ஞாயிறு மத்தியானம் நான் அவன் அறைக்குப் போனால் ஆளைக் காணோம். தேடிப்போனேன். மில் தெருவில், பூட்டிக் கிடந்த அந்த வீட்டுக்கு முன்னால், சவரம் செய்து கோட்டுப் போட்டு நின்றுகொண்டிருந்தான்.

“வா கிளாரி, எங்க வீட்டுல சாப்பிடலாம்.”

“நீ போ மேவிஸ்,” என்றான். “நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன்.”