திருப்பி எடுத்த சொரி

கனடாவில், ஸ்காபரோவில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் வாத்து வேட்டைக்குப் போகிற ஒரே யாழ்ப்பாணத்தவர் அவர்தான். ஒடிசலான மனிதர். கோடையிலும் காதுவரை இழுத்த கம்பளித் தொப்பி. மதிய இடைவேளை முழுவதும் கன்ரீன் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நின்றபடியே புட்டுச் சாப்பிடுவார். மறுமுனையில், அவருக்கு வேட்டைத் துவக்கு, அதாவது துப்பாக்கி, விற்ற கொம்பனி அவரைக் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டிருக்கும்.

தவறுதலாக வெடிக்காமல் தடுக்கும் பூட்டு அவருடைய துவக்கில் பிடிப்பதில்லை. இரண்டுமுறை திருத்த அனுப்பினார். இரண்டுமுறையும் 'பழுதில்லை' என்ற துண்டுச் சீட்டோடு அப்படியே திரும்பி வந்தது.

ஒருநாள் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்.

"பழுதில்லை எண்டதை மனேச்சர் கையெழுத்துப் போட்டுத் தரட்டாம். ஆரும் செத்தால் அவர்தான் பொறுப்பு எண்டு சொல்லும், பிள்ளை."

நான் தொலைபேசியை வாங்கி, "ஐ ஆம் சொரி" என்று தொடங்கிக் கெஞ்சினேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "ஏன் சொரி சொன்னனீர்?"

"துவக்கு எண்டு கதைச்சால் எங்களைப் புலி இயக்கம் எண்டு நினைப்பாங்கள், அண்ணை."

"லைசென்ஸ் எடுத்து வாங்கினனான். அங்க துவக்கு வச்சிருந்தவங்களுக்குப் பயந்து ஓடி வந்தன். இங்க அதை வித்தவனுக்கும் பயப்பிடவோ? சொன்ன சொரியைத் திருப்பி எடும்."

எடுத்தேன். "அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அது என்னுடைய பிழை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அவர் சொன்னதை ஒரு சொல் குறையாமல் சொன்னேன். மறுமுனையில் மீண்டும் பாட்டுத் தொடங்கியது. அவர் தொலைபேசியை வாங்கித் தோளில் இடுக்கிக்கொண்டு மிச்சப் புட்டைச் சாப்பிட்டார்.

துவக்கு என்னவானதென்று தெரியாது; நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். இன்றும் தொலைபேசியில் சொரி சொல்ல வாயெடுத்தால், அந்தத் தொப்பிக்காரர் மெல்லுவதை நிறுத்துகிறார்.