சிவப்புப் படத்தில் ஒரு தையல்

மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் குடியிருந்த மரவீட்டின் முன்பாதியில் ஓர் இத்தாலிக்கார ஓவியர் இருந்தார். பின்பாதியை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இளம் வயதில் கப்பலேறி வந்தவர். கிழமை நாட்களில் ஊரார் வீடுகளுக்குப் பெயின்ற் அடித்து, ஞாயிறுகளில் மட்டும் படம் வரைந்தாராம். 1980களில், பென்சன் வரத் தொடங்கியபின், முழுநேரமும் படம்தான். ஆனால் அவர் படங்களில் ஆளும் இருக்காது, மரமும் இருக்காது. பெரிய கான்வஸ் முழுக்க ஒரே நிறம். மனிதருக்குச் சுவரடிக்கிற பழக்கம் இன்னும் விடவில்லை என்று அப்பா இரக்கப்படுவார்.

ஒருநாள் அவர் ரயிலேறி நகரத்துக்குப் போயிருந்தார். தம்பியைக் காணவில்லை என்று நானும் அம்மாவும் தேடிப்போனபோது அவருடைய வேலையறை திறந்து கிடந்தது. உள்ளே தம்பி நிலத்தில் இருந்தான். கையில் அம்மாவின் கத்தரிக்கோல். முன்னால் சாத்தியிருந்த சிவப்புப் படத்தின் நடுவில் ஒரு நீண்ட வெட்டு.

"நீயோ வெட்டினது?" என்று அம்மா கேட்டார்.

"ஓம்," என்றான். அந்த வயதில் எதைக் கேட்டாலும் அவன் ஓம் என்பான்.

அம்மா அவனை அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் விசா இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டை விட்டு எழுப்பினால் போக இடமில்லை; பின்னால் விட்டுவந்த ஊருக்கும் திரும்ப முடியாது. அம்மா ஊசியும் சிவப்பு நூலும் எடுத்துவந்து, விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து, சின்னச் சின்னத் தையலாகப் போட்டார். தூர நின்று பார்த்தால் தெரியாது என்றார். தெரிந்தது.

ஓவியர் வந்ததும் அம்மாவே எங்களைக் கூட்டிக்கொண்டு போய், தனக்கு வந்த ஆங்கிலத்தில், பிள்ளை பிழை செய்துவிட்டான் என்றார். அவர் குனிந்து தையலின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். இருமல் வந்து கதிரையில் போய் இருக்கும்வரை சிரித்தார்.

"வெட்டினது நான்," என்றார். "ஒரு மாதம் யோசித்து, நேற்றுத்தான் துணிந்தேன்."

அம்மா நம்பவில்லை. அவர் எழுந்துபோய், அலுமாரிக்குப் பின்னாலிருந்து இரண்டு வெள்ளைப் படங்களை இழுத்து வந்து சுவரில் சாத்தினார். இரண்டிலும் அதே மாதிரி வெட்டு. அம்மா அப்படியே நிலத்தில் இருந்து, தம்பியை மடிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தையலைப் பிரித்து விடட்டுமா என்று அம்மா கேட்டார். அவர் அவசரமாகக் கையை ஆட்டி வேண்டாம் என்றார். நாங்கள் அந்த வீட்டை விட்டுப் போகும்வரை அந்தப் படம் அவருடைய படுக்கையறையில்தான் தொங்கியது.

"ஏன் வெட்டுறீங்கள்?" என்று அன்றைக்கே அம்மா கேட்டார்.

"பின்னால் என்ன இருக்கிறதென்று பார்க்க."

அம்மா வெள்ளைப் படத்தின் வெட்டுக்குள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ஓம்," என்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். தூசி பிடித்த சுவர்தான் தெரிந்தது. திரும்பியபோது அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பயம் தெளிந்ததால் வந்த கண்ணீர் என்று நினைத்து, தம்பியைக் கூட்டிக்கொண்டு விளையாடப் போனேன்.