ஓர் இட்லிக்கு ஒரு வைக்கோல்

பண்டிகை வந்தால் எல்லோருக்கும் எடை கூடுகிறது. எங்கள் வீட்டில் குறையும். மகள் வாங்கிக் கொடுத்த எடைக் கருவியில் தினமும் பல் தேய்த்த பிறகு, காபி குடிப்பதற்கு முன்பு ஏறி நிற்பது என் வழக்கம். போன டிசம்பர் தொடக்கத்தில் அறுபத்தொன்று இருந்தேன். புத்தாண்டுப் பூசைக்குக் கிளம்பும்போது ஐம்பத்தொன்பதரை. இரத்தம், சிறுநீர் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லையாம். ஒன்றும் இல்லாமல் ஒன்றரைக் கிலோ எங்கே போகும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எனக்கு இது புதிதில்லை. என் அம்மாவுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இப்படித்தான் ஆகும். ஒரு வருடம் நானும் அவளோடு சேர்ந்து மெலிந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்கு ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் கழிவறை. நாங்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, ஆறாம் வகுப்பில் இருந்த நான், இன்னும் பள்ளிக்குப் போகாத தங்கை. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அப்பாவின் அக்கா, என் அத்தை, அங்கேதான் இருந்தாள். அரையாண்டு விடுமுறை விட்டதும் மாமாவையும் மூன்று மகன்களையும் கூட்டிக்கொண்டு வருடா வருடம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அந்த நாட்களில் தலை ஒன்பது, கழிவறை ஒன்று. குழாயில் தண்ணீர் வருவது காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம்.

எனக்கு அது கொண்டாட்டம். அத்தை ஒரு தகர டப்பா நிறைய மக்ரூன் கொண்டு வருவாள். டப்பாவைத் திறப்பதற்கு முன்பு என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "என் தம்பிய உரிச்சு வச்சிருக்குலா!" என்று இழுப்பாள். வலிக்கும். ஆனாலும் அத்தை மாதிரிப் பாசக்காரி உலகத்தில் இல்லை என்று நான் நம்பினேன். அது பொய்யும் இல்லை.

டிசம்பர் முதல் வாரம் அவள் கடிதம் வரும். டிக்கெட் எடுத்தாயிற்று, இன்ன தேதி வருகிறோம் என்பதைத் தவிர அதில் வேறு ஒன்றும் இருக்காது. அப்பா அதை உரக்கப் படிப்பார். அம்மா கேட்டுக்கொண்டே அரிசி களைவாள். அன்றைக்கு இராத்திரியிலிருந்து அவளுக்குச் சோறு இறங்காது. கடிதம் வருவதையும் சோறு இறங்காமல் போவதையும் நான் கவனித்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

பிறகு சுவருக்குச் சுண்ணாம்பு, பாய்களுக்கு வெயில், முறுக்குக்கு மாவு. ஒன்பது பேருக்குப் போதாதென்று அக்கம்பக்கம் தட்டு அனுப்பவும் பலகாரம் வேண்டும். வேலை ஏற ஏற அம்மாவின் வளையல் முழங்கையை நோக்கி ஏறியது. ஜாக்கெட்டில் ஊக்கு குத்திக்கொண்டாள். அந்த வருடம் எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள். அவள் மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தவள். மனதில் பட்டதை அப்படியே கேட்பாள்.

"இன்னாக்கா, பாதி ஆளக் காணோம்? மீதிய எங்க வெச்சிட்டு வந்த?"

"சோறே எறங்கலம்மா. வாயில வச்சாலே கசக்குது."

"ஓ! ஒங்க நாத்தனாரு டிக்கெட்டு எட்துட்டாங்களா?"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின் வரிசைக் குவார்ட்டர்ஸில் ஒரு பெண்மணி அந்தத் தீபாவளிக்குச் சற்று முன்புதான் இறந்துபோயிருந்தார். கருப்புத் துணி சுற்றிய சவப்பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து எல்லோரும் பேசியது ஒன்றுதான். சோறு இறங்கவில்லை, சோறு இறங்கவில்லை என்றாளாம், இரண்டே மாதத்தில் உருகிப் போய்விட்டாளாம். அதே வார்த்தையை இப்போது அம்மா சொன்னாள். அவளுக்கு இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். பிப்ரவரியைத் தாண்டாது என்று வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்களுக்கு ஞானோபதேச வகுப்பு உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமும், சிஸ்டர் ஒரு வெறும் தீவனத் தொட்டியைப் பீடத்துக்குக் கீழே வைப்பார். பக்கத்தில், வெள்ளானூரிலிருந்து யாரோ கொண்டு வந்து போட்ட வைக்கோல் கட்டு. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுத்தால், அதற்கு ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டியில் போடலாம். பாலன் இயேசுவுக்கு மெத்தை. வருடா வருடம் நடப்பதுதான். மிட்டாய்க்கு ஒன்று, தம்பியை அடிக்காததற்கு ஒன்று என்று பையன்கள் போட்டுவிட்டு ஓடுவார்கள். அந்த வருடம்தான் எனக்கு அது உருப்படியான வழியாகத் தெரிந்தது.

"சிஸ்டர், ஒரு இட்லிய விட்டா ஒரு வைக்கோலா? இல்ல, காலைச் சாப்பாடு மொத்தத்தையும் விட்டாத்தான் ஒண்ணா?"

"ஏன்டா, கடவுள் என்ன ரேஷன் கடையா நடத்துறாரு? மனசாரக் குடு, போதும்."

மனசார என்றால் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. அதனால் ஓர் இட்லிக்கு ஒரு வைக்கோல் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மீனை விட்டால் இரண்டு. அதற்கு ஈடாக அம்மாவுக்குச் சோறு இறங்க வேண்டும். வழக்கமாக நான்கு இட்லி தின்பவன், இரண்டோடு எழுந்தேன். முதல் சில நாட்கள் வயிறு கத்தியது. பிறகு பசியே சலித்துப்போய் வருவதை நிறுத்திக்கொண்டது. தொட்டியில் என் பக்கம் மட்டும் வைக்கோல் மேடாக நின்றது. அம்மாவோ இன்னும் மெலிந்துகொண்டிருந்தாள். நான் கொடுப்பது போதவில்லை என்று நினைத்து, ஒன்றரை இட்லிக்கு வந்தேன்.

அத்தை குடும்பம் வந்து இறங்கிய அன்று, அப்பா எழும்பூருக்குப் போய் அவர்களை மின்சார ரயிலில் கூட்டி வந்தார். நாங்கள் ஆவடி நிலையத்தில் காத்திருந்தோம். பிளாட்பாரத்தில் கலர் விளக்கு சுற்றும் வெயிட் மெஷின் ஒன்று உண்டு. காசு போட்டால் எடையும் ஒரு வரி பலனும் அச்சடித்த அட்டை விழும். என் தொல்லை தாங்காமல் அம்மா ஏறினாள். நாற்பத்தேழு. கோடை விடுமுறையில் ஐம்பது இருந்தவள். அட்டையின் பின்னால் 'விரைவில் பயணம் கைகூடும்' என்று இருந்தது.

"எங்க, கொழாயடிக்கா?" என்று அம்மா அட்டையை என்னிடமே கொடுத்தாள்.

வண்டியிலிருந்து இறங்கியதுமே அத்தை கண்டுபிடித்துவிட்டாள். "என்னட்டி இது, கருவாடா காஞ்சு போயிருக்க? நீ இனிமே அடுப்புப் பக்கம் வரப்பிடாது. நான் பாத்துக்கிடுதேன்."

சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். மறுநாள் காலையில் சமையலறையில் எந்த டப்பாவும் இருந்த இடத்தில் இல்லை. மிளகாய்த்தூள் மேலே, உப்பு கீழே, புளி எங்கே என்று அத்தைக்கே தெரியவில்லை. அதனால் அம்மா அடுப்புப் பக்கம் வராமலும் இருக்க முடியவில்லை. அம்மா வைத்த குழம்பில் அத்தை ஒரு கரண்டி தூக்கிப் பார்த்து, "மீன் இதுல குளிச்சிட்டுப் போயிருக்கு போல" என்பாள். எல்லோரும் சிரிப்போம். அம்மாவும் சிரிப்பாள். மாமாவுக்கு மூன்று வேளையும் சுடுசோறு. பையன்களுக்கு இரண்டாம் பந்தி. அத்தைக்கு மூன்றாவது. அம்மா உட்காரும்போது யாராவது ஒருவருக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும்.

கிறிஸ்துமஸ் மதியம் ஆட்டுக்கறிப் பிரியாணி. அத்தை என் தட்டில் எலும்போடு இரண்டு துண்டு வைத்தாள். நான் தட்டைத் தள்ளினேன்.

"வேண்டாம் அத்தை."

"ஏல, இன்னைக்குக் கிறிஸ்மஸ்லா! பாலன் பொறந்த நாளு பட்டினி கெடக்கியா? இந்தா, எலும்பக் கடி."

"வேண்டாம்."

அப்பா முறைத்தார். மாமா, குடலில் பூச்சி என்றார். பெரிய பையன், எனக்கு மஞ்சள் காமாலை என்று கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தான். நாளைக்கு விளக்கெண்ணெய் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். நள்ளிரவுப் பூசையிலேயே தொட்டியில் பாலனைப் படுக்க வைத்துவிட்டார்கள், இனி வைக்கோல் போட இடமில்லை, அதனால் பிரியாணியாவது பெரிதாக விட வேண்டும் என்று நான் நினைத்ததை அங்கே எப்படிச் சொல்வது?

அம்மா என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிப் போனாள். கதவோரம் நிறுத்திக் கன்னத்தைத் தடவினாள்.

"என்னடா ஒனக்கு? கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு. யாராவது எதாவது சொன்னாங்களா?"

"இல்ல."

"நீ திங்காம எனக்கு எப்படிடா எறங்கும்?"

தலை சுற்றியது. அவள் சாப்பிடுவதற்காக நான் சாப்பிடவில்லை. நான் சாப்பிடாததால் அவள் சாப்பிடவில்லை. எனக்குத் தெரிந்த எந்தக் கணக்கிலும் இதற்கு விடை இல்லை. அம்மா ஒரு தட்டில் பிரியாணி போட்டு, ஒரு கவளம் உருட்டி என் வாயில் வைத்தாள். நான் மென்றேன். அடுத்த கவளத்தை அவள் வாய்க்குக் கொண்டுபோனாள். உள்ளே போயிருக்கும், அதற்குள் அத்தை வாசலில் நின்றாள்.

"இங்க என்னட்டி, ஆத்தாளும் மகனும் ஒளிஞ்சு நின்னு? ஒங்க அண்ணாச்சி தயிர்ப் பச்சடி கேக்காங்க. நீ போய் ஊத்து. இவன நான் ஊட்டுதேன்."

"சரி மைனி" என்று அம்மா கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

மறுநாள் விளக்கெண்ணெய் உள்ளே போனது. அதோடு போக வேண்டியதும் போகக் கூடாததும் எல்லாம் போயின. அன்று ஒன்பது பேருக்கு அந்த ஒரு கழிவறை போதவில்லை.

புத்தாண்டு முடிந்து இரண்டாம் நாள் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். அப்பா எழும்பூர்வரை உடன் போக, நாங்கள் மறுபடி ஆவடி நிலையத்துக்கு வழியனுப்ப வந்தோம். அம்மாவை மறுபடி மெஷினில் ஏற்றினேன். நாற்பத்து நான்கு. என் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கிப் பார்த்த அத்தைக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

"ஏட்டி, நாங்க இத்தன பேரு கூட இருந்து கவனிச்சே இப்படி ஆயிட்டியே! நாங்களும் வராம இருந்தா ஒன் கதி என்னட்டி?"

"அதான் மைனி" என்றாள் அம்மா.

அத்தை கேட்டது எனக்குச் சுருக்கென்று பட்டது. சமையலறையையே எடுத்துக்கொண்டு பார்த்தவள் அவள். அவள் வரவில்லையென்றால் அம்மா பின் வரிசைப் பெண்மணி போலவே ஆகியிருப்பாள். இனி அடுத்த டிசம்பருக்கு யார் துணை? அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்து எம்பி, அத்தையின் காதருகே ஒரு விஷயம் கேட்டேன். அத்தை என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, கட்டாயம் செய்கிறேன் என்றாள். வண்டி நகர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள். தங்கையைத் தொட்டிலில் போட்டாள். எதையும் பெருக்கவில்லை, எதையும் அடுக்கவில்லை. சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முந்தின நாள் மீன் குழம்புச் சட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். ஆறிப்போன சோறு. ஒரு தட்டு தின்றாள். இன்னொரு முறை போட்டுக்கொண்டாள். மூன்றாவது முறை போடும்போது சட்டியைச் சாய்த்து அடிக் குழம்பை வழித்தாள். யாரும் தண்ணீர் கேட்கவில்லை. நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். பாலன் கேட்டுவிட்டார், கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். உடனே எனக்கும் பசித்தது. எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் தட்டிலேயே எனக்கும் இடம் ஒதுக்கினாள்.

சந்தோஷத்தில் என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"அம்மா, அத்தைகிட்ட ஒண்ணு சொல்லிருக்கேன்."

"என்னத்த?"

"அடுத்த வருஷம் சீக்கிரமா வந்திருங்கன்னு. மாமாவும் அண்ணனுங்களும் பரீட்ச முடிஞ்சு வரட்டுமாம். அத்தை மட்டும் மூணு வாரம் முன்னாடியே வந்து ஒங்களப் பாத்துக்கிடுறாங்களாம்."

அம்மாவின் கை தட்டில் நின்றது. என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. திட்டவில்லை. குழம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து, முள்ளை நிதானமாக நீக்கி, பாதியை என் பக்கம் வைத்தாள்.

"அதுக்கு இன்னும் பதினோரு மாசம் கெடக்கு" என்றாள். மறுபடி சாப்பிடத் தொடங்கினாள்.

அத்தையைப் பார்க்காமல் அவ்வளவு காலம் இருக்க வேண்டுமே என்ற ஏக்கத்தில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். எனக்குப் பாவமாக இருந்தது.

"பதினோரு மாசம்தானம்மா, சீக்கிரம் ஓடிரும்" என்று ஆறுதல் சொன்னேன்.